உங்கள் தலைவர் உங்களைக் கேட்கிறாரா?

முத்துமீனாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, 'பாவம், நல்ல மனுஷன்தான், நடுவில் புத்தி கெட்டுப்போய்விட்டது' என்று யாரும் எனக்காகப் பரிந்துகொண்டு வர வேண்டாம். அவள் சூப்பர்வைசர் ஆன அன்றைக்கே என் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. அதற்கு அப்புறம் அணையவே இல்லை.

எங்கள் கம்பெனி கப்பலூரில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறோம். மாடியில் ஆறு லைன், லைனுக்கு முப்பது மிஷின், ஒரு சூப்பர்வைசர். இரண்டாவது லைன் என்னுடையது. பெயர் அழகுபாண்டி, ஊர் செல்லூர், வயது நாற்பத்து மூன்று. இதே கம்பெனியில் பதினாறு வருஷம். மூன்றாவது லைன் முத்துமீனாவுடையது. அவள் ஆறு வருஷத்துக்கு முன்னால் நூல் வெட்டுகிற ஹெல்பராகச் சேர்ந்தவள். கீழக்குயில்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். அது பொய். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தே பழகிக்கொண்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் மாடிக்கு ஏறியதும் நான் முதலில் பார்ப்பது என் லைனை அல்ல, அவளுடைய ஆல்டர் பெட்டியைத்தான். தையல் கோணிப்போய்த் திரும்பவும் பிரித்துத் தைக்க வேண்டிய பீஸ்களை அதில் போடுவார்கள். பெட்டி நிறைந்திருந்தால் அன்றைக்கு எனக்கு இட்லி நன்றாகச் செரிக்கும். குறைவாக இருந்தால் அன்று என் லைனில் யாராவது என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். இன்னொன்றும் இருக்கிறது. என் லைனில் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள் லைனில் மிஷின் சத்தத்துக்கு மேலே பெண்கள் சிரிக்கிற சத்தமும் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. என்னைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் ஃப்ளோர் இன்சார்ஜ் செல்வக்குமார் திருப்பூரில் வேலை கிடைத்துப் போகப்போகிறார் என்று தெரிந்தது. ஆறு லைனுக்கும் மேலே இருக்கிற பதவி அது. கண்ணாடி போட்ட தனி அறை. அடுத்தது யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் என் மனைவி தமிழ்ச்செல்வியிடம் சொன்னேன். அவள் தன் அம்மாவிடமும் அண்ணனிடமும் சொன்னாள். மச்சான் போன் பண்ணி, "என்ன மாப்ள, மேனேஜராமே?" என்று கேட்டபோது நான் மறுக்கவில்லை. டீக்கடையிலும் சொல்லியாகிவிட்டது. இனிமேல் அந்த அறை எனக்குக் கிடைக்காமல் போனால் செல்லூர் பக்கம் தலை காட்ட முடியாது.

முதலாளி வெள்ளைத்துரை பழைய ஆள். அவரிடமே விட்டிருந்தால் வருஷத்தை எண்ணிப் பார்த்து எனக்குக் கொடுத்திருப்பார். அதற்குள் ஹெச்.ஆர். பார்க்கிற சித்தார்த் நுழைந்தான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பையன், நல்லவன்தான், ஆனால் எதையும் போனில் செய்தால்தான் அவனுக்கு வேலை செய்த மாதிரி இருக்கும். "சார், ஆறு பேரையும் ஆன்லைன்ல லீடர்ஷிப் ட்ரெயினிங் எடுக்க வைப்போம். பன்னிரண்டு வாரம். கடைசியில யாருக்குத் தலைமைப் பண்பு இருக்குன்னு அதுவே சொல்லிடும்" என்று அவர் காதில் போட்டுவிட்டான். முதலாளியும் சரி என்றுவிட்டார்.

எங்கள் போனில் ஒரு ஆப் ஏறியது. வாரத்துக்குப் பத்து நிமிஷம் ஒரு வீடியோ, அப்புறம் ஐந்து கேள்வி, அப்புறம் 'செய்து பாருங்கள்' என்று ஒரு பயிற்சி. சென்னையிலிருந்து ஒரு மேடம் வீடியோவில் பேசுவார். நான் போனை மேஜையில் சாய்த்து வைத்து, சத்தத்தை அடக்கிவிட்டு, அதை ஓடவிட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். கேள்விக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் பதில் போடலாம். மூன்றாவது தடவையில் எப்படியும் நூற்றுக்கு நூறு வந்துவிடும். 'செய்து பாருங்கள்' என்று கேட்டால் 'செய்தேன்' என்ற பொத்தானை அமுக்கினால் போதும். பன்னிரண்டு வாரப் பயிற்சியை இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். ஆப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கிரீடம் முளைத்தது. ஆறு பேரில் நான்தான் முதலிடம். முத்துமீனா ஏழாவது வாரத்திலும் மூன்றாவது பாடத்திலேயே கிடந்தாள், கடைசி இடம். அந்தப் பட்டியலை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்ப்பேன். அதைப் பார்க்கிறபோது கிடைத்த சுகம் எனக்குக் கிரீடத்தைப் பார்த்துக் கிடைக்கவில்லை.

அவள் ஏன் மூன்றாவது பாடத்திலேயே கிடந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. 'வேலை தொடங்குமுன் உங்கள் ஆட்களில் ஐந்து பேரிடம், இன்று உங்கள் வேலைக்கு எது தடை என்று விசாரியுங்கள், பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்' என்பது அந்தப் பாடத்தின் பயிற்சி. நான் ஒரு விநாடியில் பொத்தானை அமுக்கினேன். அவள் ஐந்து பேரிடம் விசாரித்திருக்கிறாள். அப்புறம், மிச்சம் இருபத்தைந்து பேர் என்ன நினைப்பார்கள் என்று அவர்களிடமும் போயிருக்கிறாள். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம். ஒரு சுற்று முடிய ஒரு வாரம் ஆகும். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

அப்படித்தான் தங்கப்பொண்ணு அக்கா விஷயம் வெளியில் வந்தது. அக்காவுக்கு ஐம்பது வயதாகிறது. கையில் தொழில் இருக்கிறது, ஆனால் சாயங்காலம் டீ இடைவேளைக்கு அப்புறம் தைக்கிற பீஸ் எல்லாம் கோணல். முன்பு அது மூன்று வருஷம் என் லைனில்தான் இருந்தது. "ஏக்கா, கண்ணு தெரியுதா இல்லையா? எவ வீட்டுத் துணின்னு நெனச்ச?" என்று நானே எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு பிரித்துத் தைக்குமே தவிர, வாய் திறக்காது. தொல்லை விட்டால் போதும் என்று மூன்றாவது லைனுக்குத் தள்ளிவிட்டேன். மீனா கேட்டபோது அக்கா இரண்டாவது சுற்றில் சொல்லியிருக்கிறது: கருநீலத் துணியில் கருநீல நூல் ஓடினால், வெளிச்சம் மங்கியதும் தையல் கண்ணுக்குத் தெரியவில்லை, சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவீர்கள் என்று பயம். மீனா அதை ஜன்னல் ஓர மிஷினுக்கு மாற்றி, வெள்ளைச் சட்டையைத் தைக்கக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். மூன்றாவது லைன் ஆல்டர் பெட்டியில் பாதி காணாமல் போனது.

முதலாளி என் முன்னாலேயே அவளைப் பாராட்டினார். "இம்புட்டு நாளா இது யாருக்கும் தெரியலையேப்பா" என்று பொதுவாகச் சொன்னார். பொதுவாகச் சொன்னாலும் என் பக்கம் பார்த்துத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. கண்ணு தெரியுதா இல்லையா என்று நான்தானே முதலில் கேட்டேன்? எனக்கு ஏன் அந்த அக்கா பதில் சொல்லவில்லை? இதை நினைக்க நினைக்க அக்கா மேல் கோபம் வந்தது, மீனா மேல் அதைவிடக் கோபம் வந்தது.

பன்னிரண்டாவது வாரம் கடைசிப் பரீட்சை. இந்தத் தடவை பதில் சொல்லவேண்டியது நாங்கள் இல்லை, எங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். ஐந்து கேள்வி. மூலம் இங்கிலீஷில் இருந்ததை சித்தார்த் போனிலேயே தமிழாக்கி, ஒரு டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு வியாழக்கிழமை மாடிக்கு வந்தான். எங்கள் ஆறு பேரையும் கீழே அனுப்பிவிட்டு, மிஷின் மிஷினாகப் போய் ஒவ்வொருவரையும் தொடச் சொன்னான். 'எப்போதும்', 'சில நேரம்', 'ஒருபோதும் இல்லை' என்று மூன்று கட்டம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மதிப்பெண் போனுக்கு வந்தது. மற்ற நாலு கேள்வியில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நாலாவது கேள்விக்கு மட்டும் தனி இடம் கொடுத்திருந்தார்கள். 'கேட்கும் திறன்: தலைமையின் உயிர்நாடி' என்று போட்டு, ஒரு காது படம். என் காது பச்சையாக இருந்தது. ஐந்துக்கு ஐந்து. முத்துமீனாவின் காது சிவப்பாக இருந்தது. ஐந்துக்கு ஒன்று.

எனக்கு ஆகாயத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. ஐந்தை ஒரு தடவை பார்த்தேன், அந்த ஒன்றைப் பத்துத் தடவை பார்த்தேன். ஊரெல்லாம் நல்லவள் நல்லவள் என்றார்களே, அவள் லைனே அவளைக் கைவிட்டுவிட்டது. தூரத்திலிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன். போனை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு நூல் கோன் எடுக்கப் போனாள். கீழே ஒரு குறிப்பும் இருந்தது: 'கருத்துச் சொன்னவர்களைத் தேடிப்போய் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று விசாரிக்கக் கூடாது.' அவள் சொன்னால் சொன்னபடி நடக்கிறவள். விசாரிக்க மாட்டாள்.

பதினொரு மணி டீக்கு நிற்கும்போது தங்கப்பொண்ணு அக்கா டம்ளரோடு பக்கத்தில் வந்தது.

"என்ன தம்பி, மொகமெல்லாம் பல்லா இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ரொம்பச் சந்தோசப்படாதீக. போஸ்ட்டு எங்க புள்ளைக்குத்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டது. "நேத்து அந்தப் பலகையில குத்தச் சொன்னாகள்ல. 'உங்கள் தலைவர் உங்களைக் கேட்கிறாரா'ன்னு ஒரு கேள்வி. எந்தத் தலைவரு, எந்தக் கட்சின்னு நாங்க முழிச்சோம். சூப்பர்வைசரத்தேன் சொல்றோம்னு அந்தத் தம்பி சொன்னுச்சு. அப்பவே நான் எங்க லைன்காரிகள்ட்டச் சொல்லிட்டேன். 'அடியே, மீனாப்புள்ள நம்மள என்னைக்காச்சும் ஒரு வார்த்த கேட்டுருக்காளா? பீசு கெட்டாலும் கேட்டதில்ல, லேட்டா வந்தாலும் கேட்டதில்ல. எல்லாரும் ஒருபோதும் இல்லைன்னு குத்துங்கடி'ன்னு. முப்பது பேரும் ஒத்துமையாக் குத்திட்டோம்."

அக்கா டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் பக்கத்தில், 'அவனைப் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வா' என்றால், போய்த் தெரியாததைத் தெரிந்துகொண்டு வா என்று அர்த்தம் இல்லை. 'நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டான்' என்போம். 'ஏன்னு கேக்க ஆளில்லாம ஆடுறான்' என்போம். அந்தக் 'கேட்கிறாரா' சென்னை மேடத்தின் இங்கிலீஷில் காது கொடுப்பது. சித்தார்த்தின் போன் அதைத் தமிழாக்கியது. தமிழில் தப்பு என்று சொல்லவும் முடியாது. எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தபோது அது வைவதாக ஆகிவிட்டது. முப்பது பேர் முத்துமீனாவைக் கும்பிடாத குறையாகக் கும்பிட்டு, அவளுக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் என் ஐந்து? முப்பது பேர், ஒருவர் பாக்கியில்லாமல், 'எப்போதும்' என்று குத்தியிருக்கிறார்கள். அதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சித்தார்த்தின் அறை இருபது அடி தூரம்தான். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவும் போனேன், கதவு வரைக்கும். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, அதை எடுத்து வெளியே எறிய நான் என்ன கேனயனா என்று திரும்பிவிட்டேன். அன்று வீட்டில் தமிழ்ச்செல்வியிடம் பச்சைக் காதைக் காட்டினேன். "உங்களுக்கா? அடுத்தவுக சொல்றதக் கேக்குறதுலயா?" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் முத்துமீனா என் மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டும் பேனாவும். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. என்ன மீனா?"

"எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணும்ணே. உங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு வந்துருக்கு. நான் உங்களப் பத்தி வேற மாதிரி நெனச்சுட்டு இருந்தேன், கோவிச்சுக்காதீங்க. வெளிய கத்துற மாதிரி இருந்தாலும் உங்க ஆளுக பேச்சுக்கு நீங்க காது குடுத்துருக்கீங்க, அது எனக்குத் தெரியல. நான் கேக்குறேன் கேக்குறேன்னு நெனச்சுட்டு, என்னத்தையோ பண்ணிட்டு இருந்துருக்கேன். நீங்க எப்படிச் செய்றீங்கன்னு சொல்லித் தாங்கண்ணே. எழுதிக்கிறேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் முத்துமீனா நோட்டை விரித்துவைத்துக்கொண்டு என்னிடம் பாடம் படிக்க நிற்கிறாள். ஆறு வருஷமாக இந்தக் காட்சிக்குத்தான் நான் ஏங்கியிருக்கிறேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். வீடியோவில் மேடம் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி தெரியாது, சத்தத்தைத்தான் அடக்கிவைத்திருந்தேனே. வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன்.

"மொதல்ல ஆளோட கண்ணப் பாக்கணும் மீனா. நீ எங்க பாக்குற? துணியத்தான பாக்குற."

"ஆமாண்ணே." எழுதினாள்.

"ரெண்டாவது, நீ ரொம்பப் பேசுற. அவுக பேசணும்னா நீ வாயத் தொறக்கப்பிடாது."

"சரிண்ணே." அதையும் எழுதினாள். "மூணாவது?"

"மூணாவது, மனசு. உள்ளுக்குள்ள அவுக மேல உண்மையான அக்கறை இருக்கணும். அது இல்லாட்டி ஆளுகளுக்குத் தெரிஞ்சுபோகும்."

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சங்கூட நடுங்கவில்லை. அவளுக்குத்தான் பேனா நின்றது. குனிந்தபடியே, "அது இருக்குன்னுதான்ணே நெனச்சேன்" என்றாள். நோட்டை மூடிக்கொண்டு, "தேங்க்ஸ்ணே, வாரேன்" என்று போய்விட்டாள். அன்று மத்தியானம் மூன்றாவது லைனில் சிரிப்பே கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு மிஷின் முன்னாலும் போய், வாயைத் திறக்காமல், எதிரில் இருக்கிறவளின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் புள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை கடைசி வகுப்பு, நேரலையில். கீழே மீட்டிங் ரூமில் பெரிய டிவியை வைத்து, முதலாளி, சித்தார்த், நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்தோம். சென்னை மேடம் திரையில் வந்தார். முதல் ஐந்து நிமிஷம், நான் பேசுவது கேட்கிறதா, நீங்கள் பேசுவது கேட்கவில்லை என்பதிலேயே போனது. பிறகு ஒவ்வொருவராக, இந்தப் பயிற்சியில் என்ன கற்றீர்கள் என்றார். நான் எழுந்து, ஐந்துக்கு ஐந்து வாங்கியது என் ஆட்கள் எனக்குக் கொடுத்த பரிசு என்று பேசினேன். நான்கு பேர் தட்டினார்கள், மழைத் தூறல் மாதிரி. முதலாளி தலையாட்டினார். வேலை முடிந்தது, கண்ணாடி அறை எனக்குத்தான் என்று உட்கார்ந்தேன்.

முத்துமீனா எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணுதான் மேடம் விழுந்துருக்கு. மொதல்ல ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். முப்பது பேரு சொன்னா அது பொய்யா இருக்காது. நான் அவுக பேச்சக் கேக்குறதா நெனச்சுட்டு இருந்தேன், அவுகளுக்கு அப்படித் தெரியல. அதுனால மூணாவது பாடத்துலருந்து மறுபடி ஆரம்பிச்சுருக்கேன் மேடம். அழகுபாண்டி அண்ணன்கிட்டயும் பாடம் கேட்டுருக்கேன். இந்தப் பதவி எனக்கு வேணாம். எனக்கு இன்னும் பக்குவம் வரல. அண்ணன்தான் அதுக்குச் சரி."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பத்து வருஷமா இந்தப் பயிற்சி நடத்துறேன். குறைந்த மதிப்பெண் வாங்கினவங்க எல்லாரும் என்கிட்ட சண்டைக்குத்தான் வருவாங்க. முதல் தடவையா ஒருத்தங்க அதை ஏத்துக்கிட்டுப் பேசுறதைப் பார்க்கிறேன். தலைமைன்னா இதுதாங்க" என்று சொல்லி, திரையிலேயே கைதட்ட ஆரம்பித்தார். சித்தார்த் தட்டினான். மற்ற சூப்பர்வைசர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். முதலாளி வெள்ளைத்துரை, என் பதினாறு வருஷத்தில் ஒரு தடவை கூட எனக்காக இரண்டு கையைச் சேர்க்காத மனுஷன், எழுந்து நின்று தட்டினார். "ஒண்ணு வாங்கிட்டு இப்பிடி நின்னு பேசுறதுக்கு ஒரு மனசு வேணும்ப்பா" என்றார்.

எனக்குக் காதெல்லாம் அடைத்துக்கொண்டது. ஐந்து வாங்கியவன் நான். பதவியும் எனக்கென்று அவளே சொல்லிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். ஆனால் அந்தக் கைதட்டல் நிற்கவே மாட்டேன் என்றது. தோற்றாலும் அவளுக்குத்தானா? ஒன்று வாங்கினாலும் அவளுக்குத்தானா? இல்லாத குறையை ஒப்புக்கொண்டு பெரிய மனுஷி ஆகிறாளே, அந்தக் குறையே அவளுக்குக் கிடையாதே! இந்தக் கைதட்டலை எப்படியாவது அவளிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

"நிறுத்துங்க சார்!" என்று கத்திவிட்டேன். "எதுக்குக் கை தட்டுறீங்க? ஒண்ணு வாங்குனதுக்கா? அது ஒண்ணே இல்ல. அவ ஆளுக, அவ தங்கள வையிறதே இல்லைன்னுதான் அப்பிடிக் குத்துனாளுக. கேக்குறதுன்னா வையிறதுன்னு நெனச்சுட்டாளுக. தங்கப்பொண்ணு அக்கா என்கிட்டயே சொன்னுச்சு. இதுல இவ ஏத்துக்கிட்டதுக்கு என்ன இருக்கு?"

கைதட்டல் நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன்தான் நான். திரையில் மேடம், "புரியலையே, வையிறதுன்னா?" என்றார். சித்தார்த் எழுந்து, முகம் வெளிறிப்போய், திட்டுறது மேடம் என்று விளக்கினான். முதலாளிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தவரின் பார்வை என் முகத்தில் வந்து நின்றது. சிரிப்பு அடங்கியது.

"அப்ப ஒனக்கு விழுந்த அஞ்சு?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மேடம்தான் அடுத்து என்ன செய்வது என்று சொன்னார். அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்ப வைக்க வேண்டும், ஆனால் அதை நாமும் எழுதக்கூடாது, போனும் எழுதக்கூடாது, மிஷினில் உட்காருகிறவர்களே எழுத வேண்டும். தங்கப்பொண்ணு அக்காவைக் கூப்பிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டது, "அய்யய்யோ, எம் புள்ளைக்கு நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனா" என்றது. பிறகு அதுவே சொல்லச் சொல்ல சித்தார்த் எழுதினான்: 'நீங்க சொல்றத உங்க சூப்பர்வைசர் காது குடுத்துக் கேக்குறாங்களா?' மத்தியானம் மாடி முழுக்க மறுபடியும் குத்தினார்கள். நாலு மணிக்கு மதிப்பெண் வந்தது. முத்துமீனாவுக்கு ஐந்துக்கு ஐந்து. எனக்கு முன்பு அவளுக்கு இருந்த அதே ஒன்று. முதலாளி அவளைக் கூப்பிட்டுச் செல்வக்குமாரின் அறைச் சாவியைக் கொடுத்தார். என்னைக் கூப்பிடவில்லை.

ஆறு மணிக்கு வண்டி நிறுத்துகிற இடத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். ஸ்கூட்டியை எடுத்து வெளியே வைத்திருந்தாள், ஏறவில்லை.

"அண்ணே, சும்மா இருந்துருந்தா உங்களுக்குத்தான வந்துருக்கும். எதுக்குச் சொன்னீங்க?"

அவள் என்ன பதிலை எதிர்பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மனசாட்சி என்று சொன்னால் நம்புவாள், கையெடுத்துக் கும்பிடுவாள். அதையும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள அன்று எனக்குத் தெம்பு இல்லை.

"ஒனக்குக் கை தட்டுனாங்க. பொறுக்கல."

குறுக்கே பேசாமல் நின்றாள். நான் முடித்துவிட்டேனா என்று பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

"வெள்ளிக்கெழம. பதினோரு மணிக்கு."

"நான் நோட்டத் தூக்கிட்டு வந்தது சனிக்கெழம."

"ஆமா."

"மனசுல அக்கறை இருக்கணும்னு சொன்னீங்களே, அப்பத் தெரியும்."

"தெரியும் மீனா."

கோபப்பட்டு நாலு வார்த்தை வைவாள் என்று நின்றேன். வைதிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்குத் தெரிந்த பாஷை அதுதான். அவள் ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே, மெதுவாகத்தான் பேசினாள்.

"எம் மகளுக்கு எட்டு வயசுண்ணே. நேத்து ஞாயித்துக்கெழம, அவளப் பக்கத்துல உக்கார வச்சு, 'நீ சொல்றத அம்மா காது குடுத்துக் கேக்குறேனாடி'ன்னேன். அது ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, 'கேக்குறியேம்மா'ன்னுச்சு." வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "எம் மேல பாவப்பட்டுப் பொய் சொல்லுதுன்னு நெனச்சுட்டேன். நம்பலண்ணே நான்."